அறுபத்தோராவது நிமிஷம்

ஸ்வப்னா மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

ஓடிக்கொண்டிருந்த மிஷின் நாலு தாளைக் கசக்கிவிட்டு நின்றது. தலைக்கு மேல் ஃபேனும் நின்றது. பழவங்காடி கணபதி கோவிலில் தேங்காய் உடைபடும் சத்தம், அச்சகத்துக்குள்ளேயே உடைவதுபோல் படார் படாரென்று கேட்டது.

"எந்தா இது?" மை படிந்த கையோடு ஹரிகுமார் ஓடி வந்தார். அச்சகம் அவருடையது. "ஸ்வப்னே, நினக்குப் பிராந்தா? பிளேட் ஏத்தி அரை மணிக்கூர் ஆகலை!"

"பதினாலாம் பக்கத்தை யாரு மாத்தினா சேட்டா?"

"எது பதினாலு?"

ஸ்வப்னா ஈரம் காயாத தாளை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சாலைக் கம்போளம் என்ற பெரிய சந்தையின் சுமைத் தொழிலாளர்கள் நடத்தும் கால்பந்துக் கிளப்புக்கு அறுபது வயது. நாளை மே தினம்; புத்தரிக்கண்டம் மைதானத்தில் விழா. மேடையில் வெளியிட வேண்டிய மலர்தான் அச்சில் இருந்தது. தமிழ்ப் பக்கங்கள் முழுக்க ஸ்வப்னா கம்போஸ் செய்தவை. பதினோரு வருஷமாக அவளுக்கு இதே அச்சகத்தில் இதே நாற்காலி. பதினாலாம் பக்கத்தில் 1988 மே தினக் கோப்பையை வென்ற அணியின் பதினொரு பெயர்கள். ஒன்பதாவது பெயரை அவள் தன் கையால் அடித்திருந்தாள். குற்றாலலிங்கம். அவளுடைய அப்பா.

இப்போது அங்கே விஜய்குமார் என்று இருந்தது.

"காலையில பிஜு பென் டிரைவ் கொண்டு வந்தான். கடைசித் திருத்தம்னு சொன்னான். நீ எட்டரைக்குத்தானே வந்தே?"

"ஆடினவரு பேரை எடுக்கதுக்குப் பேரு திருத்தமா?"

"அது கிளப்புக்காரங்க பிரச்சினை மோளே. எனக்குச் செக்ரட்டரி கையெழுத்துப் போட்ட பேப்பர் வேணும். பன்னிரண்டரை வரைக்கும் மத்த பக்கங்களை ஓட்டறேன். அதுக்கு மேல நின்னா பைண்டிங்குக்கு ஆள் கிட்டாது." அவர் சுவிட்சை மேலே தள்ளினார். "இன்னொரு தடவை இதுல கை வச்சா வேற பிரஸ் பாத்துக்கோ, கேட்டோ."

மணி ஒன்பதரை.

*

கிழக்கே கோட்டைச் சந்திப்பில் சிக்னல் விழுவதாக இல்லை. நடைமேம்பாலத்துப் படிகளில் ஏறி இறங்கி, சாலைக் கம்போளத்துக்குள் நுழைந்தபோது ஸ்வப்னாவின் சுடிதார் முதுகோடு ஒட்டிவிட்டது. ஏப்ரல் கடைசி. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் ஈரத்துணியைப் போல் ஊரின் மேல் கிடந்தது. வத்தல் மிளகாய் லாரியில் ஆட்கள் சரக்கிறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரியின் மேலே நின்ற இருவர் மூட்டையைத் தூக்கிக் கீழே நிற்பவன் தலையில் ஏற்றிவிடுவார்கள். சும்மாட்டுக்கு நடுவில் மூட்டை உட்கார்ந்தால் அவன் நடப்பான். ஓரத்தில் உட்கார்ந்தால் அவன் ஆயுள் முடிந்தது. அதனால் ஏற்றிவிடுகிற வேலைக்கு எல்லாரையும் விடுவதில்லை. மூட்டை சரிந்தால் ஏற்றிவிட்டவன்தான் பொறுப்பு.

கிளப்பின் அறை தேங்காய் மண்டிக்கு மேலே இருந்தது. சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரே ஒரு சட்டம், மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை: 'தலையால் பந்தைத் தொடக் கூடாது.'

உலகத்தில் எந்தக் கால்பந்துக் கிளப்புக்கும் இப்படி ஒரு சட்டம் இருக்காது. ஆனால் சாலைக்காரனுக்குக் கழுத்துதான் சோறு. யூனியன் கார்டு இல்லாமல் இங்கே ஒரு வெங்காய மூட்டையைக்கூடத் தொட முடியாது. வேலையில் விழுந்தவனுடைய கார்டு அவன் வீட்டை விட்டுப் போகாது. தம்பிக்கோ மகனுக்கோ வரும். வேறெங்கே விழுந்தாலும் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவனுக்குப் போய்விடும். பந்து விளையாடிக் கழுத்தை ஒடித்துக்கொண்டவன் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்துதான் முதல் கூட்டத்திலேயே அந்தச் சட்டத்தை எழுதி வைத்தார்கள். பந்து உயரமாக வந்தால் இவர்கள் நெஞ்சில் வாங்குவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். 'தலையில்லாத பதினொண்ணு' என்று மற்ற டீம்கள் கேலி செய்யும்.

செக்ரட்டரி பிஜு தரையில் உட்கார்ந்து பேட்ஜுக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தான். சுமை தூக்குகிறவன், முப்பது வயது. சிவப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட குரோயேஷியா ஜெர்சி உடம்பில் இருந்தது. அதை அவன் துவைக்கிற நாளில்தான் வேறு சட்டை போடுவான்.

"சேச்சி! முன்னுரை வாசிச்சா? குரோயேஷியா பாகம் எப்படி?"

"ஆறு பக்கம் குரோயேஷியா. நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு பக்கம். அதுலயும் ஒருத்தரைக் காணோம்."

"அது அப்படியல்ல சேச்சி. அங்கேயும் துறைமுகத் தொழிலாளிகள் தொடங்கின கிளப்பு. சர்க்கார் தடை செஞ்சது. அப்போ அவங்க வேற பேர்ல ஆடினாங்களாம்! சொந்தப் பேரை மறைச்சு வச்சு ஆடிய கிளப்பு. ஞான் எங்கேயோ வாசிச்சதாணு. ரோமாஞ்சம் வரும்."

"எனக்கு எரிச்சல்தான் வருது. எங்க அப்பா பேரை எதுக்குடா எடுத்தே?"

பிஜு கத்தரியைக் கீழே வைத்தான். "ஞான் இல்ல. பிரசிடென்ட் சொன்னார். மினிட்ஸ் புக்ல வேற மாதிரி இருக்குன்னு."

"புக்கை எடு."

"அலமாரிச் சாவி பிரசிடென்ட்கிட்ட."

"பிரசிடென்ட் எங்கே?"

"பந்தல்காரனைப் பாக்கப் போனார்."

"போன் போடு."

"போன் இதோ இருக்கு, சார்ஜில." மேஜை மேல் இருந்த போனைப் பிஜு காட்டினான். "மறந்து வச்சிட்டுப் போனார்."

ஸ்வப்னா இருபத்தைந்து நிமிஷம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே மண்டியில் தேங்காயை எண்ணிப் போடுகிறவன் குரல் ஒரே ராகத்தில் வந்துகொண்டிருந்தது. பத்துப் பத்தாக. அவள் பொறுமை அதைவிட வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது.

பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் பிரசிடென்ட் பகவதிப்பெருமாள் படியேறி வந்தார். எழுபது வயது. அந்தக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன். நேரான முதுகு, வெள்ளை மீசை. அவரைப் பார்த்தால் ஸ்வப்னா பாதை மாறிப் போவாள். அம்மா அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

"என்ன மக்கா?"

"மினிட்ஸ் புக்கைக் காட்டுங்க அண்ணாச்சி."

அவர் சாவியை எடுத்தார், திறந்தார், செல்லரித்த புத்தகத்தைப் பிஜுவிடம் கொடுத்தார். மலையாளக் கையெழுத்து ஸ்வப்னாவுக்கு ஓடாது; பிஜு விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழாக்கினான்.

"ஆயிரத்து தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு மே ஒண்ணு. ஞாயிறு. ஃபைனல். ஒன்று, பூஜ்யம். அறுபத்தோராவது நிமிஷம், கோல் பகவதிப்பெருமாள். குற்றாலலிங்கம் காய்ச்சல், வரவில்லை. பதிலாக விஜய்குமார். ரெஃபரி சாம்பசிவன்."

"பொய்," என்றாள் ஸ்வப்னா. "ஒம்பதாம் நம்பர் போட்டு எங்கப்பா போனாரு. எங்கம்மா கண்ணால பாத்தது."

"புக்ல உள்ளதுதான் கணக்கு," என்றார் பகவதிப்பெருமாள்.

"புக்கை எழுதினது யாரு?"

"நான்தான்."

"கோல் அடிச்சது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அதுவும் நான்தான்."

"நல்லா இருக்கு. எங்கப்பா கழுத்தையும் எடுத்தாச்சு. பேரையும் எடுத்தாச்சு. இன்னும் என்ன வேணும் அண்ணாச்சி?"

பிஜு தலையைக் குனிந்துகொண்டான். பகவதிப்பெருமாள் மீசையைத் தடவவில்லை, குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்குப் போ மக்கா. புழுக்கமா கெடக்கு," என்று மட்டும் சொன்னார். அந்த அமைதி அவளை இன்னும் எரித்தது.

படியிறங்கும்போது பிஜு பின்னாலேயே ஓடி வந்தான். "சேச்சி, அந்த ரெஃபரி இருக்கார். ஸ்ரீவராகத்துல. ஏதாவது தெளிவு கிடைச்சா கொண்டு வா. ஞான் கையெழுத்து போட்டுத் தரேன். சத்தியம்."

*

ஆட்டக்குளங்கரைக்குப் பின்னால், இரண்டு ஆட்டோ ஒன்றாகப் போக முடியாத சந்தில் வீடு. வாசலில் நின்றாலே மரச்சீனிக் கிழங்கு வேகும் வாசனை. ஸ்வப்னாவின் அம்மா மங்கலம் அம்மியில் காந்தாரி மிளகாயையும் சின்ன உள்ளியையும் நசுக்கிக்கொண்டிருந்தாள். கோவில் வாசலில் காலை லாட்டரி விற்பனையை முடித்துவிட்டு வந்த குற்றாலலிங்கம், தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய தலை இடது தோளை நோக்கிச் சாய்ந்தே இருக்கும். முப்பத்தேழு வருஷமாக. எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி. சீட்டு வாங்குகிறவர்கள் அதையே ராசி என்று நினைத்து அவரைத் தேடி வருவார்கள். வீட்டில் டிவியின் ஒரு பக்கத்துக்குக் கீழே மகன் சுதீஷ் ஒரு செங்கல் வைத்திருந்தான். அவருக்கு மட்டும் படம் நேராகத் தெரியும். மற்ற எல்லாரும் சாய்ந்து பார்க்க வேண்டும்.

"அப்பா, ஃபைனல்ல நீங்க ஆடினீங்கல்ல?"

அவர் கிழங்கைப் பிட்டார். "எந்த ஃபைனல்?"

"எந்த ஃபைனலா? எம்பத்தெட்டு!"

"இல்ல. காய்ச்சல்."

அம்மியின் சத்தம் நின்றது.

"என்ன காய்ச்சல்?" என்றாள் மங்கலம். "எவனுக்குக் காய்ச்சல்? கல்யாணம் கழிஞ்சு ஆறு மாசம். சிவப்புச் சட்டையை மாட்டிக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிக்கிட்டுப் போனதை நான் பாக்கலியா? திரும்பி வந்ததும் அந்தச் சட்டையில சேறு. வெளுத்துக் காயப்போட்டது நானாக்கும்!"

"ஒனக்கு ஓர்மை தப்புது மங்கலம்."

"எனக்கா ஓர்மை தப்புது? மறுநாள் காலம்பற ஆறு மணிக்கு நாலு பேரு பலகையில வச்சு ஒங்களைத் தூக்கிட்டு வந்தானுவளே, அதும் தப்புமா?" அவள் மகள் பக்கம் திரும்பினாள். எத்தனையோ தடவை சொன்னதுதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோபப்படுவாள். "நூறு கிலோ அரிசி மூட்டை, எடீ. அந்தப் பகவதி ஏத்திவிட்டது. சரிச்சு விட்டான். யூனியன்லயே ஒத்துக்கிட்டானே, என் கைப்பிழைன்னு! மூணு மாசம் வேலைக்கு வராதேன்னு நிறுத்தி வச்சானுவ, மேஸ்திரிப் பட்டமும் போச்சு அவனுக்கு. போட்டும். நான் ஓடிப்போய் பாக்கேன், அந்த மூட்டை அப்படியே கெடக்கு. ஒரு தையல் விடல்ல. மூட்டைக்கு ஒண்ணும் ஆகல்ல, என் மாப்பிள்ளைக்குக் கழுத்து போச்சு. அண்ணையோட அவன் வீட்டுல தண்ணி குடிக்கதையே விட்டேன். ஒவ்வொரு ஓணத்துக்கும் ஏத்தன் வாழைக்குலை கொடுத்து விடுவான். நான் அதைப் பசுவுக்குப் போடுவேன்."

"மங்கலம், போதும்."

"போதாது! இப்போ பேரையும் அவனே வச்சுக்கிட்டானா?"

"கோலும் அவர்தான் அடிச்சாராம்," என்றாள் ஸ்வப்னா.

மங்கலம் மிளகாய் ஒட்டிய கையோடு எழுந்தாள். "பிரஸ்ஸுக்குத்தானே போறே? நானும் வாரேன்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க." குற்றாலலிங்கத்தின் குரல் அந்த வீட்டில் கேட்டுப் பழக்கமில்லாத அளவுக்கு உயர்ந்தது. "பேரு வேண்டாம்னு நான் சொல்லுதேன். என் பேருதானே? எனக்கு வேண்டாம். என் கார்டு தம்பிக்கு வந்து, பொறவு சுதீஷுக்கு வந்து, அவன் அதுலதான் சோறு திங்கான். அவனுக்குத் தொந்தரவு வரும். விட்டிரு மக்களே."

"பயந்து பயந்துதான் இப்படிக் குனிஞ்சே போனீங்க," என்றாள் ஸ்வப்னா.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்ப் பட்டது என்று தெரிந்தது. அவர் சாய்ந்த தலையோடு தட்டைப் பார்த்தார். கிழங்கின் ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. அதைத் துடைக்கவில்லை.

ஸ்வப்னா செருப்பை மாட்டினாள். மணி பதினொன்றாகப் போகிறது.

*

ஸ்ரீவராகத்தில் வீடு கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிஷம். தெப்பக்குளத்துத் தெருவில் மூன்று சாம்பசிவன்கள் இருந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் மஸ்கட்டில். மூன்றாமவர் இரும்பு கேட்டுக்குப் பின்னால் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். எண்பத்தோரு வயது, காதில் கேட்கும் கருவி.

"கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சே?"

"சிலிண்டர் இல்ல சார். ஃபுட்பால். நீங்க ரெஃபரியா இருந்தீங்களே, எண்பத்தெட்டுல, மே தினக் கோப்பை..."

அவர் முகம் மாறிய வேகத்தைப் பார்த்து ஸ்வப்னாவுக்கு நம்பிக்கை வந்தது. "லலிதா! யார் வந்திருக்கா பாரு! வாம்மா, உள்ள வா. நான் ஊதின ஒவ்வொரு மேட்ச்சுக்கும் டைரி இருக்கு. ஆஃபீஸ்ல சொந்தமா ஒரு வரி எழுத விடமாட்டா. ஆத்துக்கு வந்து இதை எழுதுவேன். நானூத்திப் பதிமூணு மேட்ச்."

"எண்பத்தெட்டு மட்டும் போதும் சார். நேரமில்ல."

"அறுபத்தாறுலேர்ந்து வரிசையா இருக்கு."

அவர் வரிசையாகத்தான் எடுத்தார். ஒவ்வொன்றையும் தட்டித் தூசி போக்கி, முதல் பக்கத்தைத் திறந்து, அந்த வருஷத்தில் எந்த கோல்கீப்பருக்குப் பல் போனது என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார். எழுபத்தொன்பதாம் வருஷ டைரிக்கு வந்தபோது மணி பதினொன்று நாற்பது. எண்பத்து நாலுக்கு வந்தபோது பதினொன்று ஐம்பத்தைந்து. எண்பத்தேழுக்குப் பிறகு எண்பத்தொன்பது வந்தது.

"எண்பத்தெட்டைக் காணலையே!"

ஸ்வப்னா கண்களை மூடிக்கொண்டாள்.

"ஆமா, தையல் மிஷினுக்குக் கீழ முட்டுக் கொடுத்தது என்னவாம்?" என்று சமையலறையிலிருந்து லலிதாம்பாளின் குரல் வந்தது. "ஆடறது ஆடறதுன்னு நீங்கதானே கொண்டுவந்து வெச்சேள்?"

மிஷினைத் தூக்கி, டைரியை உருவி, சாம்பசிவன் பக்கங்களைப் புரட்டினார். பொடி எழுத்து, முத்து முத்தாகத் தமிழ். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இதோ. சாலை டீம். அறுபத்தோராவது நிமிஷம். கார்னர். ஒன்பதாம் நம்பர் குற்றாலலிங்கம், தலையால் முட்டி கோல்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அடடா. நன்னா ஞாபகம் இருக்கு. சாலைக்காரா யாருமே தலையக் கொடுக்க மாட்டா. எல்லாருக்கும் தெரியும். அதனால எதிர் டீம்ல ஒருத்தனும் அவனண்ட நிக்கலை. மழை பெஞ்சு பந்து கல்லு மாதிரி கனம். எழும்பி முட்டினான் பாரு, அந்த மாதிரி ஒரு..."

"எங்கப்பா சார்," என்றாள் ஸ்வப்னா. "அது எங்கப்பா."

"ஐயோ, அப்படியா! லலிதா, காபி கொண்டா, குற்றாலலிங்கம் பொண்ணாம்!"

"டைரியைத் தருவீங்களா சார்? அரை மணி நேரம்?"

"அது மட்டும் முடியாது. இந்த ஆத்தை விட்டு வெளியில போனதில்லை. வேணும்னா போட்டோ பிடிச்சுக்கோ. ஒரு பக்கம்தான்."

அவள் போனில் படம் பிடித்தாள். காபி வந்தது. கொதிக்கிற காபி. நின்றுகொண்டே நாக்கைச் சுட்டுக்கொண்டாள். பன்னிரண்டு பத்து.

*

மணக்காட்டில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. வானம் கறுத்து முதல் துளிகள் விழுந்தன. ஸ்வப்னா போனில் பிஜுவைக் கூப்பிட்டாள். "பிரஸ்ஸுக்கு வா. கிடைச்சாச்சு. பேரு மட்டும் இல்லடா, கோலே எங்கப்பா போட்டது. ஹெட்டர்!"

"ஹெட்டரோ! நம்ம கிளப்பிலா?" போனுக்குள்ளேயே பிஜு குதிப்பது கேட்டது. "சேச்சி, இது சரித்திரம்! அறுபது வருஷத்துல ஒரே ஒரு ஹெட்டர்! குரோயேஷியா பாகத்துல ரெண்டு பக்கம் வெட்டிடலாம்!"

அச்சகத்துப் படியில் அவள் கால் வைத்தபோது பன்னிரண்டு இருபத்தாறு. இடி இறங்கியது. மிஷின் தானாக நின்றது. பழவங்காடி முழுக்க கரண்ட் போனது.

"இப்போ சந்தோஷமா?" என்றார் ஹரிகுமார் இருட்டுக்குள்ளிருந்து. "நீ நிறுத்தினது போதாதுன்னு கரண்ட் போர்டும் சேர்ந்தாச்சு."

உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். மங்கலம் குடையைத் தடிபோல் பிடித்துக்கொண்டு பேப்பர் ரீம் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, முடிந்தவரை தள்ளி, பகவதிப்பெருமாள். பிஜு அவரை ஸ்கூட்டரில் கூட்டி வந்திருந்தான். கதவோரம் நனைந்த லாட்டரிச் சீட்டுப் பலகையோடு குற்றாலலிங்கம். மனைவியைத் தடுக்கப் பின்னாலேயே நடந்து வந்தவர். மழை ஜன்னல் தகரத்தில் கொட்டியது.

"இவனை இங்க எதுக்குக் கூப்பிட்டே?" என்றாள் மங்கலம்.

"கேக்கட்டும்மா. அவரு முன்னாடியே வாசிக்கேன்."

"வாசி, வாசி," என்று பிஜு பேனாவைத் திறந்தான். மொபைல் வெளிச்சத்தில் அவன் ஜெர்சியின் சிவப்புக் கட்டங்கள் மட்டும் தெரிந்தன. "ஞான் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

"வேண்டாம் ஸ்வப்னா," என்றார் அப்பா.

"வேண்டாம் மக்கா," என்றார் பகவதிப்பெருமாளும்.

இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னது அவளுக்கு வினோதமாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் அதற்கெல்லாம் நிற்க முடியவில்லை. போனில் எழுத்தைப் பெரிதாக்கினாள்.

"'அறுபத்தோராவது நிமிஷம். கார்னர். ஒன்பதாம் நம்பர் குற்றாலலிங்கம், தலையால் முட்டி கோல்.'" நிமிர்ந்து பகவதிப்பெருமாளைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. வந்த வேகத்தில் அடுத்த வரியையும் வாசித்தாள். "'முட்டியவன் கீழே விழுந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டான். தலை இடது பக்கம் சாய்ந்துவிட்டது, நிமிர்த்த முடியவில்லை. வெளியே போகச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசி வரை அப்படியே...'"

அவள் குரல் தானாக நின்றது.

பிஜு எழுதுவதை நிறுத்தினான்.

"என்ன தேதி போட்டிருக்கு?" என்றாள் மங்கலம், மெதுவாக.

"மே ஒண்ணு."

"மூட்டை விழுந்தது ரெண்டாம் தேதியாக்கும்."

மங்கலம் புருஷனைப் பார்த்தாள். "அண்ணைக்கு ராத்திரி சுவரைப் பாத்துப் படுத்தீங்க. காப்பிகூட வேண்டாம்னு சொன்னீங்க. தோத்துப் போன சங்கடம்னு நான் நினைச்சேன். மறுநாள்தான் ஜெயிச்சதே தெரியும்." அவள் குரலில் கோபம் இன்னும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "அப்போ மூட்டை?"

"லிங்கம்," என்றார் பகவதிப்பெருமாள். "வேண்டாம்டே. இவ்வளவு காலம் போயாச்சு. சுதீஷ் கார்டு இருக்கு. இந்த மழையோட போகட்டும்."

"ஒனக்கு எத்தனை காலம் போச்சு?" என்றார் குற்றாலலிங்கம். "நான் வாயைத் திறந்திருந்தா ஒனக்கு மேஸ்திரிப் பட்டம் போயிருக்காது. இவ ஒன் வாழைக்குலையை மாட்டுக்குப் போடுதா, நான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஒவ்வொரு ஓணத்துக்கும்."

அவர் லாட்டரிப் பலகையை மேஜை மேல் வைத்தார். மங்கலத்தின் பக்கம் திரும்பினார். தலை சாய்ந்தே இருந்ததால் அவளை நேராகப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

"பந்துல போன கழுத்துக்குக் கார்டு கிடையாது மங்கலம். ஒன்னைக் கட்டி ஆறு மாசம். என் தம்பிக்கு வேலையில்ல. இவன்தான் சொன்னான், ஃபைனலுக்கே நீ வரலைன்னு எழுதிருதேன், ரெஃபரிகிட்ட எவனும் கேக்க மாட்டான்னு. மூட்டை விழுந்ததுன்னு சொன்னா ஏத்தினவன் ஒருத்தன் வேணும்லா? அதுக்கும் இவனே நின்னான்."

"ஏத்தினவன் இவன்தானே?" மங்கலத்தின் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "மூட்டையை நான் கண்ணால பாத்தேனே!"

"பாத்தே. விடியக்காலம் கடை திறக்கும் முன்னாடி, இவன் அந்த மூட்டையைத் தோளுல வச்சுக் கொண்டு வந்தான். என் பக்கத்துல தரையில மெதுவா இறக்கி வச்சான், தையல் விட்டு அரிசி சிந்திரக் கூடாதேன்னு. அதுக்கப்புறம்தான் நான் அது பக்கத்துல படுத்தேன்."